ஏழு பட்டன் பை

அத்தியாயம் 14

பால் டம்ளரை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டு மைக்கம்மா கண்ணைத் திறந்தாள். திறந்த கண் தானாக மூடிக்கொண்டது.

எழுந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஒன்பது மணி நேரம் தூங்கியும், யாரோ வந்து உடம்பு முழுக்க மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டுப் போனது போல இருந்தது. தலையணையில் உதிர்ந்து கிடந்த முடியை எண்ணுவதை அவள் போன மாதமே விட்டுவிட்டாள்.

"எந்திரிம்மா. பால் ஆறுது."

கணவனின் அம்மா, அவளுக்கு அத்தை, கட்டிலருகே நின்றிருந்தாள். காலை ஆறு மணிக்கே கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கையில் அந்தத் துணிப் பை.

பள்ளிச் சீருடை தைத்து மிச்சமான நீலக் கட்டம் போட்ட துணி. அதில் வரிசையாக ஏழு சின்னப் பைகள், ஏழுக்கும் ஏழு நிறத்தில் பட்டன். அத்தைக்கு எண்கள் நன்றாக வரும், எழுத்து அவ்வளவாக வராது. அதனால் கிழமையை நிறத்தில் வைத்திருந்தாள். ஞாயிறு சிவப்பு, புதன் பச்சை.

"இன்னைக்கு மஞ்சள் பட்டன். வியாழக்கிழமை. கையை நீட்டு."

மூன்று மாத்திரைகள் உள்ளங்கையில் விழுந்தன. மிளகளவில் ஒரு வெள்ளை, தைராய்டுக்கு. கருஞ்சிவப்பில் ஒன்று, இரும்புச்சத்து. சாக்பீஸ் துண்டு போல ஒன்று, சுண்ணாம்புச்சத்து. மூன்றையும் ஒரே வாயில் போட்டு மைக்கம்மா பாலைக் குடித்தாள்.

"ஆ காட்டு."

"அத்தை, நான் என்ன மூணாங்கிளாஸா?"

"மூணாங்கிளாஸ் பிள்ளைங்க சொன்ன பேச்சு கேக்கும். காட்டு."

காட்டினாள். அத்தைக்குத் திருப்தி. டம்ளரை வாங்கி, புடவைத் தலைப்பால் அவள் வாயைத் துடைத்துவிட்டாள்.

இந்தப் பை பிறந்ததே ஒரு கசப்பில்தான். ஆறு வாரத்துக்கு முன்பு, சன்னலோரப் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போன மைக்கம்மாவின் கணவன், மண்ணுக்குள்ளிருந்து வெள்ளித்தாளோடு எட்டிப்பார்த்த மூன்று இரும்புச்சத்து மாத்திரைகளைக் கண்டெடுத்தான். வாந்தி தாங்க முடியாமல் மூன்றே மூன்று நாள் அவள் செய்த வேலை அது. அவன் திட்டவில்லை. மூன்றையும் சன்னல் விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

அன்றைக்குத்தான் அத்தை, "இனிமே என் கையால நான் குடுக்கிறேன். பேச்சு முடிஞ்சுது" என்று சொல்லி மிஷினில் உட்கார்ந்தாள். அன்று முதல் ஒரு நாள் தவறியதில்லை. ஆனாலும் கணவனின் பார்வையில் அந்தப் பூந்தொட்டி இன்னும் இருந்தது.

இப்போதும் கண்ணாடி முன் நின்று சட்டைக்குப் பட்டன் போட்டபடி, கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தான்.

"இன்னைக்குத்தானே ரிசல்ட்?"

"ஆமாங்க. மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"நான் வர முடியாது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்துல லிஃப்ட் ஏழாவதுல நின்னு போச்சு. அங்க ரெண்டு நாளா படியேறி என்னைத் திட்டிட்டு இருக்காங்க."

"நானே போய்க்கிறேன்."

"இந்தத் தடவை நல்லா வரலைன்னா வேலையை விட்டுடு. வீட்ல படு. போன தடவை மாதிரி..." அவன் முடிக்கவில்லை.

முடிக்கத் தேவையுமில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒன்பதாவது வாரத்தில், ஒரு மதிய நேரத்தில் போய்விட்ட அந்த உயிரைப் பற்றி இந்த வீட்டில் யாரும் முழு வாக்கியமாகப் பேசியதில்லை. இப்போது ஐந்தாவது மாதம். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பது போல நடந்தார்கள்.

"நல்லாத்தான்டா வரும்" என்றாள் அத்தை. "என் கையால குடுக்கிறேன். வராம எங்க போகும்?"

* * *

பேருந்து நிலையத்தின் நடுவில் நாலு பக்கமும் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. அதில் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு மைக். எட்டு வருடமாக அவள் அங்கேதான். 'மைக்கம்மா' என்பது ஓட்டுநர்கள் வைத்த பேர். அது பஸ் ஏறி வீட்டுக்கே வந்து, சொந்தப் பேரை விரட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

அவளுக்கே அவள் குரல் பிடிக்கவில்லை. மணி போல இருந்த குரல் இரண்டு மாதமாகக் கரகரத்துக் கிடந்தது. தொண்டைக்குள் ஈரத் துணியைத் திணித்துவிட்டு யாரோ பேசச் சொன்னது மாதிரி.

ஓட்டுநர் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். "என்ன மைக்கம்மா, குரல் எங்க பழைய வண்டி ஸ்டார்ட் ஆகிற மாதிரி இருக்கு?"

"உங்க வண்டியாவது ஸ்டார்ட் ஆகுதே அண்ணே. எனக்கு அதுவும் இல்ல."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவளும் சிரித்தாள். சிரித்த பிறகு மேஜை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஒரு நிமிடம்தான். கண்ணை மூடினால் தலைக்குள் ஏதோ பள்ளத்தில் இறங்குவது போல இருந்தது.

தகவல் சீட்டு வந்தது. எழுந்து, மைக்கின் பொத்தானை அமுக்கி, படித்தாள்.

"நாற்பத்தொன்றாம் எண் பேருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில் நான்காவது நடைமேடையிலிருந்து புறப்படும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சீட்டை மடித்து வைக்கப்போனபோது எழுத்து மறுபடி கண்ணில் பட்டது. ஏழாவது நடைமேடை.

பதறிப்போய் மைக்கைப் பிடித்து மாற்றிச் சொன்னாள். அதற்குள் நான்காவது நடைமேடையில் கூட்டம் கூடி, பிறகு ஏழாவதை நோக்கி ஓடியது. ஓடியவர்களில் பெரும்பாலானவர்கள் ஏறிவிட்டார்கள். ஒரு பெண்ணால் மட்டும் முடியவில்லை. ஒரு கையில் தூங்குகிற குழந்தை, மறு கையில் மூட்டை, பின்னால் செருப்பு கழன்று அழுகிற இன்னொரு குழந்தை. வண்டி போன பிறகு அவள் ஏழாவது நடைமேடையில் மூச்சு வாங்கியபடி நின்றதைக் கண்ணாடி வழியாக மைக்கம்மா பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கண்ணாடி அறைக்கே வந்துவிட்டாள். நன்றாகத் திட்டத்தான் வந்தாள். முகத்திலேயே தெரிந்தது. வாயைத் திறந்தவள் மைக்கம்மாவின் வயிற்றைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"அடுத்த வண்டி எத்தனை மணிக்குங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு மணி நேரம் ஆகும். என் தப்புதாங்க. மன்னிச்சிடுங்க."

"எத்தனை மாசம்?"

"அஞ்சு."

"முகம் சுவர் மாதிரி வெளுத்துக் கிடக்கே. எனக்கும் ரெண்டாவதுக்கு இப்படித்தான் இருந்துச்சு. நிக்கும்போதே தூங்குவேன்." மூட்டையைத் துழாவி ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "இதைச் சாப்பிடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. ஒரு மணி நேரம் பிள்ளையாவது தூங்கட்டும்."

திட்டுக்குத் தயாராக இருந்த மனது, பழத்துக்குத் தயாராக இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு பழத்தைப் பைக்குள் வைத்தாள் மைக்கம்மா. இப்படி எங்கிருந்தோ வருகிற மனிதர்களைக் கடவுள்தான் அனுப்புகிறார் என்று அவள் நம்பினாள். அவர்கள் திரும்பிப் போக அடுத்த பஸ்ஸைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நிலைய மேலாளர் அப்படி அனுப்பப்பட்டவர் இல்லை. வாசலிலேயே நின்று சொன்னார்: "இந்த மாசத்துல இது ரெண்டாவது தடவைம்மா. நாளைக்குக் காலைல என்னை வந்து பாரு."

* * *

மருத்துவர் தாளைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். மைக்கம்மா அவர் முகத்தில் பதிலைத் தேடினாள்.

"ரத்த அளவு ஆறு வாரத்துக்கு முன்னாடி எட்டே முக்கால். இப்ப எட்டரை. ஏறணும், இறங்கியிருக்கு. தைராய்டு நம்பர் இறங்கணும், ஏறியிருக்கு."

லிஃப்ட் மெக்கானிக் பெண்டாட்டிக்கு இப்படியா வர வேண்டும் என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. சிரிப்பு வரவில்லை.

"மாத்திரை எடுக்கிறீங்களா இல்லையா?"

"எடுக்கிறேன் டாக்டர்."

"தினமும்?"

"தினமும். ஒரு நாள் விடல."

"எடுத்தா இப்படி இருக்காதும்மா." அவர் குரலில் கோபமில்லை. நாள் முழுக்க எண்பது பேரைப் பார்த்த களைப்புதான் இருந்தது. "உங்களுக்காக மட்டும் சொல்லல. குழந்தையோட மூளை வளர்றதுக்கு அந்தத் தைராய்டு வேணும். ரத்தம் இப்படியே இருந்தா பிரசவத்துல உங்க உயிருக்கே கஷ்டம். அடுத்த புதன் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். வளர்ச்சி எப்படி இருக்குன்னு அப்பத்தான் சொல்ல முடியும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் சிரிக்கிற குழந்தையின் படம். அதைப் பார்க்கப் பிடிக்காமல் தரையைப் பார்த்தாள். ஆறு வாரம். நாற்பத்திரண்டு நாள். நாற்பத்திரண்டு முறை 'ஆ காட்டு'. யாரிடம் போய்ச் சொல்வது? யார் நம்புவார்கள்?

"கையைக் குடுங்க, பிரஷர் பார்க்கணும்."

சட்டையில் தலைகீழாகக் கடிகாரம் தொங்கவிட்டிருந்த நர்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பட்டையைச் சுற்றினாள், காற்றை அடித்தாள், இறக்கினாள். கையை மட்டும் விடவில்லை.

"அழுதீங்களா?"

"இல்ல."

"சரி, அழல. காலைல கண்ணு முழிச்சதுல இருந்து என்ன பண்றீங்கன்னு எனக்கு ஒண்ணுவிடாம சொல்லுங்க."

"எதுக்கு?"

"சும்மா. கதை கேக்க ஆசை."

மைக்கம்மா சொன்னாள். மணல் மூட்டை, அத்தை, மஞ்சள் பட்டன், ஆ காட்டு. சொல்லச் சொல்ல நர்ஸின் முகத்தில் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல நின்றது.

"ஒரு பட்டனுக்குள்ள எத்தனை மாத்திரை?"

"மூணு."

"மூணையும் ஒண்ணா?"

"ஆமா. அத்தை கையால."

"எதுல முழுங்குறீங்க?"

"பால்ல. ஒரு டம்ளர் நிறைய. சத்துன்னு அத்தை..."

நர்ஸ் பெருமூச்சு விட்டாள். கையை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாள்.

"இங்க பாருங்க. நீங்க பொய் சொல்லல. மாத்திரையும் பொய் சொல்லல. ஆனா தைராய்டு மாத்திரை ஒரு தனிமை விரும்பி. வெறும் வயித்துல, வெறும் தண்ணில, தனியா போனாத்தான் உடம்புல சேரும். இரும்பும் சுண்ணாம்பும் கூடப் போனா ரெண்டும் அதைப் பிடிச்சு வச்சுக்கும், உள்ள விடாது. பாலும் அப்படித்தான். அதே பாலும் சுண்ணாம்பும் இரும்பையும் சேர விடாது. மூணு பேரையும் ஒரே வாசல்ல அனுப்பி, ஒருத்தரும் ஒழுங்கா உள்ள போகல."

மைக்கம்மாவுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. நான் பொய்க்காரி இல்லை. அந்த நிம்மதி ஒரு மூச்சு அளவுக்குத்தான் நின்றது. அடுத்த மூச்சில் நீலக் கட்டத் துணி கண் முன்னால் வந்தது.

"தப்பு உங்க அத்தை மேல இல்ல" என்றாள் நர்ஸ், அதைப் படித்துவிட்டவள் போல. "தினம் ஒண்ணுன்னு நாங்க எழுதிக் குடுத்தோம். எப்போ, எதோடன்னு உக்கார வச்சு யாரும் சொல்லல. கூட்டத்துல விட்டுப்போச்சு. எங்க மேலதான் தப்பு."

ஒரு தாளை எடுத்து வரைந்தாள். படிக்கத் தெரியாதவர்களுக்காக அவள் எப்போதும் படமாகவே வரைந்து கொடுப்பாளாம். மேலே உதிக்கிற சூரியன், மிளகளவு மாத்திரை, தண்ணீர் டம்ளர். ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாட்டுத் தட்டு. நடுவில் உச்சிச் சூரியன், இரும்பு மாத்திரை, பக்கத்தில் பாதி வெட்டிய ஆரஞ்சு. "எலுமிச்சை, ஆரஞ்சு எதுவானாலும் சரி. புளிப்பு கூட இருந்தா இரும்பு நல்லா சேரும். டீ மட்டும் அந்தப் பக்கமே வரக் கூடாது." கீழே நிலா, சாக்பீஸ் மாத்திரை. அதற்கு மட்டும் பால்.

கடைசியாக ஓரத்தில் ஒரு கையை வரைந்தாள். விரித்த உள்ளங்கையில் மூன்று மாத்திரை, பக்கத்தில் பால் டம்ளர். அதன் மேல் பெரிதாகக் குறுக்குக் கோடு.

பிறகு எழுந்து மருத்துவரின் அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது மருத்துவரும் கதவு வரை வந்தார். "நான் கேட்டிருக்கணும்மா" என்றார் சுருக்கமாக. "இப்படியே நாலு வாரம் சாப்பிடுங்க. மறுபடி ரத்தம் பார்த்து, வேணும்னா அளவை மாத்துவோம். அப்பவும் ஏறலைன்னா ஊசி இருக்கு. கைவிட்டுட மாட்டோம்."

* * *

வீடு திரும்பும் பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தது. சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடி மைக்கம்மா யோசித்தாள்.

எப்படிச் சொல்வது? போன தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த அன்று, கணவன் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்க, அவளைக் குளிப்பாட்டித் தலை துவட்டி மடியில் போட்டுக்கொண்டவள் அத்தை. கல்யாணமான முதல் வருடம் இரண்டு பேரும் உப்புக்கும் சண்டை, துடைப்பத்துக்கும் சண்டை. அந்த ஒரு சாயங்காலத்தோடு எல்லாம் போயிற்று. அந்த மனுஷியிடம் போய், 'உங்க கையாலதான் என் உடம்பு இறங்கிப் போச்சு' என்று எந்த வாயால் சொல்வது?

சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாள். விடியலில் முன்னாலேயே எழுந்து வெள்ளை மாத்திரையைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். பை மாத்திரையை வாயில் அடக்கி வைத்து... அதற்கு மேல் யோசிக்கவே அசதியாக இருந்தது. எழுந்து நிற்கவே திராணியில்லாதவளுக்கு நாடகம் ஒரு கேடா?

"கடவுளே, நீயே பார்த்துக்கோ" என்று முணுமுணுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு அடுத்த நிறுத்தத்தில்தான் விழித்தாள்.

வீட்டுக்குள் நுழையும்போது கணவன் வந்திருந்தான். கையில் கிரீஸ் கறை இன்னும் போகவில்லை. முன்னறையில் பதினெட்டுச் சீருடைகளில் பதினாறு மடித்து அடுக்கியிருந்தது. பதினேழாவது மிஷினில் இருந்தது. அவளைப் பார்த்ததும் மிஷின் நின்றது.

"என்ன சொன்னாங்க?" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"கம்மியாத்தான் இருக்காம். முன்னைவிடக் கொஞ்சம்... கம்மி."

கணவன் நாற்காலியில் உட்கார்ந்தான். மெதுவாகத்தான் கேட்டான். "சாப்பிடறியா, இல்லையா?"

"டேய், என்னடா கேள்வி இது?" அத்தை எழுந்தேவிட்டாள். "தினம் என் கையால குடுக்கிறேன். வாயைத் திறந்து பார்க்கிறேன்."

"வாயில போட்டா போதுமாம்மா? உள்ள போகணுமே. பூந்தொட்டில இருந்தது மூணு. உனக்குத் தெரியாம இன்னும் எத்தனையோ?"

அத்தை மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடிதான். ஆனால் அந்த நொடியில் ஒரு சின்ன சந்தேகம் அந்தக் கண்ணைத் தொட்டுவிட்டுப் போனதை மைக்கம்மா பார்த்தாள். சொல்வதற்கு வாய்ப்பு அப்போது இருந்தது. தாள் பைக்குள்தான் இருந்தது. கை அதை நோக்கிப் போகவில்லை.

"ஆமா" என்றாள். "சில நாள் துப்பிட்டேன். குமட்டுச்சு. இனிமே ஒழுங்கா சாப்பிடறேன்."

கணவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினான்.

அத்தை திட்டுவாள் என்று நினைத்தாள். அத்தை திட்டவில்லை. கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி, சுற்றி, மேஜை மேல் வைத்தாள்.

"என்கிட்டயுமா?" என்றாள்.

அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் வலிக்கும் என்றுதானே பொய் சொன்னோம், பொய் இதைவிட ஆழமாகப் போய்க் குத்திவிட்டதே என்று மைக்கம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லத் தெம்பில்லை. சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரம் ஈரமானது.

"மாத்திரை வாங்கிட்டு வந்தியா?" அத்தையின் குரல் சமையலறைப் பக்கத்திலிருந்து வந்தது. கோபத்திலும் அவளுக்கு வேலை ஓடவேண்டும்.

"கைப்பைல இருக்கு."

ஜிப் திறக்கும் சத்தம். மாத்திரை அட்டை சரசரக்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. மைக்கம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாள்!

எழுந்து உட்கார்ந்தபோது அத்தை வாசல்படியில் நின்றிருந்தாள். ஒரு கையில் ஆரஞ்சுப் பழம், மறு கையில் நர்ஸ் வரைந்த தாள். படிக்கத் தெரியாதவர்களுக்காக வரைந்த படம். அதைப் படிக்க அவளுக்கு யாரும் தேவைப்படவில்லை.

"இது என் கைதானே?" ஓரத்தில் குறுக்குக் கோடு போட்ட அந்தக் கையைக் காட்டினாள்.

மைக்கம்மா தாளை வாங்கக் கை நீட்டினாள்.

"பால் கூட இருக்கு. நம்ம டம்ளரேதான் போல." தாளைத் தாழ்த்தினாள். "நீ துப்பல."

"இல்ல அத்தை."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் இல்ல."

"அப்புறம் ஏன்டி பொய் சொன்ன?"

"நீங்க அழக் கூடாதுன்னு."

"இப்ப மட்டும் என்ன, சிரிச்சுக்கிட்டா நிக்கிறேன்?" கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. இரண்டு கையும் நிறைந்திருந்தன.

கணவன் தாளை வாங்கிப் பார்த்தான். மேலிருந்து கீழ் வரை, கீழிருந்து மேல் வரை. பிறகு மைக்கம்மா நர்ஸ் சொன்னதையெல்லாம் சொன்னாள். தனிமை விரும்பி, ஒரே வாசல், புளிப்பு, டீ, டாக்டர் சொன்ன ஸ்கேன், எல்லாம்.

"மாத்திரை டப்பாக்குள்ள ஒரு சீட்டு இருந்துச்சு" என்றான் அவன். "பொடி எழுத்துல. நான்தான் கசக்கிப் போட்டேன். லிஃப்ட்ல ஒரு பல்பு மாத்தறதுக்கு முன்னாடி நாலு பக்கம் படிக்கிறவன் நான்." அவளைப் பார்க்க முடியாமல் கிரீஸ் படிந்த விரல்களைப் பார்த்தான். "பூந்தொட்டியையே பிடிச்சுட்டுத் தொங்கினேன்."

"மூணு போட்டது நிஜம்தானே" என்றாள் மைக்கம்மா.

"மூணுக்காக ஆறு வாரம் சந்தேகப்பட்டது ஜாஸ்தி."

அவன் எழுந்து சமையலறைக்குப் போனான். பாத்திரங்கள் உருண்டன. கத்தியைத் தேடுகிறான் என்று தெரிந்தது. அந்த வீட்டில் கத்தி எங்கே இருக்கும் என்று அவனுக்கு என்றைக்கும் தெரிந்ததில்லை.

அத்தை மெல்ல வந்து சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. போன தடவையும் தினம் நான்தானே பால் குடுத்தேன்? அதுவும்... என்னாலயா?"

முதல் முறையாக ஒருவர் அதை முழு வாக்கியமாகக் கேட்டுவிட்டார்.

"இல்ல அத்தை." மைக்கம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப மாத்திரையே கிடையாது. எனக்குத் தைராய்டு இருக்குன்னே அப்ப யாருக்கும் தெரியாது. வெறும் பால் யாரையும் ஒண்ணும் பண்ணாது. உங்க மேல சத்தியமா சொல்றேன்."

"என் மேலயா? பொய்னா போறது நானா?"

"இது பொய் இல்ல, போக மாட்டீங்க."

அத்தை அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். புடவைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். இரண்டு வருடமாக யாரிடமும் கேட்காமல் சுமந்த கேள்வி அது என்று அந்தத் துடைப்பிலேயே தெரிந்தது.

"சரி. ஒரு நாளைக்கு எத்தனை பை வேணும்?"

"மூணு. ஆனா இன்னைக்கே வேணாம் அத்தை, உங்களுக்கும் அசதி. இன்னும் ரெண்டு சட்டை பாக்கி இருக்கு."

"பள்ளிக்கூடத்தை ரெண்டு சட்டைக்காக மூடிட மாட்டாங்க."

பதினேழாவது சட்டை மிஷினிலிருந்து இறங்கியது. நீலக் கட்டத் துணியில் மேலும் இரண்டு பட்டை வெட்டினாள். மேல் வரிசை விடியலுக்கு, நடு வரிசை மதியத்துக்கு, கீழ் வரிசை இரவுக்கு. ஏழு மூன்று இருபத்தொன்று. புது வரிசைகளுக்கு வண்ணப் பட்டன் போதவில்லை. சீருடை வெள்ளைப் பட்டனையே தைத்தாள். நடு வரிசையின் ஒவ்வொரு பை மேலும் ஆரஞ்சு நூலில் ஒரு வட்டம் போட்டாள். மைக்கம்மா சாய்ந்தபடியே மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வலது பக்கத்தில் கணவன் வந்து ஒரு தட்டை வைத்தான். ஆரஞ்சு உரிக்கப்பட்டிருந்தது என்று சொல்ல முடியாது, ஏதோ விபத்தில் சிக்கியது போல இருந்தது.

"சாப்பிடு" என்றான்.

ஒரு சுளை எடுத்தாள். புளிப்பு பல்லில் ஏறியது. பேருந்து நிலையத்தில் தூங்கும் குழந்தையோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண் இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பாள்.

"நாளைக்கு மேலாளர் கூப்பிட்டிருக்கார்" என்றாள். "தப்பா அறிவிச்சுட்டேன். ரெண்டாவது தடவை."

"வேலையை விட்டுடு" என்று அவன் சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் நர்ஸின் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"காலைல நானும் வரேன். லிஃப்ட் இன்னும் ஒரு நாள் ஏழாவதுலயே நிக்கட்டும். இதைக் காட்டிப் பேசிப் பார்க்கலாம்."

"கேக்கலைன்னா?"

அவன் தட்டிலிருந்து இன்னொரு சுளையை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"மைக்கம்மா, இங்க வா" என்று அத்தை கூப்பிட்டாள். "ஸ்கேன் என்னைக்குன்னு சொன்ன?"

"புதன்."

"புதன்னா பச்சை."

பையைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள். பழைய வரிசையில் ஏழு பட்டன்களும் உறுதியாகத்தான் இருந்தன. அத்தை பச்சைப் பட்டனை மட்டும் வெட்டி எடுத்தாள். ஊசியில் புது நூல் கோத்து, அதே இடத்தில் வைத்து, ஒரு முறை தைத்தாள், இரண்டு முறை தைத்தாள். வேண்டிக்கொள்வது போல உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கடைசியில் முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தாள். பிறகு அந்த முடிச்சின் மேலேயே இன்னொரு முடிச்சுப் போட்டாள்.